மாதாமாதம் பிடித்த 1,800 ரூபாய்

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேலை என்னாச்சு என்று வாய் திறந்து கேட்கமாட்டார். காலையில் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் மடித்து என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதுக்குத் திட்டியிருந்தாலே தேவலை. அந்த நேரத்தில்தான் திருவொற்றியூர் பக்கம் ஒரு சுற்றுச்சூழல் கன்சல்டன்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து போனேன். 2022 ஜூனில் சேர்ந்தேன், 2024 ஜனவரியோடு வெளியே வந்தேன். இருபது மாதம். அதில் என் கையை விட்டுப் போனது அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் இங்கே வராது, கேட்காதீர்கள். என்னைப் போல ஃபீல்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் மணலி, எண்ணூர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததை எழுதி வைக்கிறேன்.

இன்டர்வியூ பத்தே நிமிடம். எம்.டி. நல்லாப் பேசுவார், டீ வரவழைத்துக் கொடுத்தார். “இது ஆபீஸ் இல்லம்மா, நம்ம ஃபேமிலி” என்றார். இன்றைக்கு யாராவது அப்படிச் சொன்னால் டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஃபேமிலியில் யாரும் சம்பளம் கேட்கமாட்டார்கள் இல்லையா. மாதம் 18,000 என்று பேசினோம். அப்பாயின்ட்மென்ட் லெட்டர் ஆறு மாதம் ப்ரொபேஷன் முடிந்த பிறகு என்றார்கள், சரி என்றேன். வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கேட்டார்கள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் மாதம் அக்கவுன்ட்டில் 16,200 ஏறியது. அக்கவுன்ட்ஸ் அக்காவிடம் கேட்டால் “பிடித்தம் போகம்மா” என்றார். நானே மனசுக்குள் கணக்குப் போட்டேன். பி.எஃப். பன்னிரண்டு சதவீதம், 15,000 ரூபாய்க்கு 1,800. அச்சு அசலாகப் பொருந்தியது. பே ஸ்லிப் கேட்கத் தோன்றவில்லை. கேள்வியும் நானே, பதிலும் நானே. இந்த 1,800 பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலை புதிதாக வர வேண்டும், இல்லை இருப்பதைப் பெரிதாக்க வேண்டும் என்றால் 2006-ஆம் வருட அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவை. அதற்காகச் சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்குக் காற்று, தண்ணீர், மண், சத்தம் எல்லாம் மழைக்காலம் அல்லாத ஒரு சீசன் முழுக்க அளந்து கொடுக்கணும். இதைத் தவிர ஏற்கெனவே ஓடுகிற கம்பெனிகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காட்ட மாதாமாதம் எடுக்கிற சாம்பிள்கள் தனி. நான் ஃபீல்டு. ஒரு ஹெல்ப்பர் அண்ணன், ஒரு டாட்டா ஏஸ், காற்றை இழுத்துத் தூசியைப் பிடிக்கிற சாம்பிளர் மெஷின் நாலு, ஒரு ஐஸ் பாக்ஸ். காலை ஏழு மணிக்குக் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் ஸ்கூட்டியை நுழைத்துக்கொண்டு மணலிக்குப் போய், யார் வீட்டு மொட்டை மாடியிலாவது மெஷினை ஏற்றி வைத்து, அவர்கள் வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து ஓட்டணும். சொல்லப்போனால் வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இத்தனை நாள் இழுத்தது என்றும் நினைக்கிறேன்.

முதலில் தட்டுப்பட்டது பணம்தான். வீட்டுக்காரர்களுக்கு நாள் வாடகை 300, ஜெனரேட்டருக்கு டீசல், ஐஸ் கட்டி, அண்ணனுக்குச் சாப்பாடு, எல்லாம் என் கையிலிருந்து. மாதக் கடைசியில் க்ளெய்ம் போட்டால் அடுத்த மாதம் வரும். கொஞ்ச நாளில் அது ரெண்டு மாதமானது. பிறகு “அந்த க்ளையன்ட் பேமென்ட் வரட்டும்மா” ஆனது. க்ளையன்ட் பணம் கொடுக்காததற்கு ஏன் என் ஜி-பே காலியாகணும் என்று ஒரு நாள் கூட நான் கேட்கவில்லை. அம்மாவின் சீட்டுப் பணத்தில் இரண்டு தவணை எடுத்து டீசல் போட்டிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேலையை விட்ட நாளில் வராமல் நின்ற க்ளெய்ம் மட்டும் 31,450. தெர்மல் பேப்பரில் வருகிற பங்க் ரசீது மூன்று மாதத்தில் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். என்னுடையதில் பாதி அப்படித்தான் போனது. அன்றன்றைக்கே போட்டோ எடுத்து, தொகையோடு மெயிலில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள், வேலையை விடுகிற அன்று முதலில் உங்களைத் தூக்குவது குரூப்பிலிருந்துதான். முன்பணம் வந்தால்தான் வண்டி நகரும் என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள். முதல் மாதம் சொல்லாதவளுக்குப் பத்தாவது மாதம் சொல்ல வாய் வராது.

சிம்னி ஏறுவது பற்றி நீட்ட விரும்பவில்லை. எழுபது அடி ஏணி, நடுவில் நின்று துளையில் ப்ரோப் என்கிற குழாயை விட்டுப் புகை சாம்பிள் எடுக்கணும். “பெல்ட் எங்க சார்?” என்றால் “பார்த்து ஏறும்மா” என்று பதில் வரும். இரண்டு தடவை ஏறினேன். மூன்றாவது தடவை காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

இப்போது 2023 ஏப்ரல். ஒரு விரிவாக்கத் திட்டத்துக்குக் காற்று எடுத்துக்கொண்டிருந்தோம். சடையங்குப்பத்தில் ஓர் ஆயா வீட்டு மொட்டை மாடியில் ஒரு மெஷின். காலை எட்டு மணிக்கு ஃபில்டர் பேப்பரைப் போட்டு ஆன் செய்துவிட்டு வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பக்கம் கரண்ட் போனது, விடியும் வரை வரவில்லை. ஜெனரேட்டர் மணலி புதுநகரில் இன்னொரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது, டீசலுக்குப் பணம் அனுமதி ஆகவில்லை. மறுநாள் போனால் மெஷின் ஊமையாக நிற்கிறது. அதில் மணி நேரம் காட்டுகிற மீட்டர் ஒன்று இருக்கும், சரியாக 14 மணி நேரம்தான் நகர்ந்திருந்தது. மூடியைத் திறந்தேன். முந்தின நாள் பால் மாதிரி இருந்த பேப்பர், அடுப்பில் பாத்திரம் இறக்குகிற பிடிதுணி மாதிரி இருந்தது. நடுவில் இருட்டு, ஓரத்தில் கிளிப் பிடித்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சட்டம். ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, “இதத்தான் நாங்க தெனிக்கும் துன்றோமா கண்ணு?” என்றார்.

ஆபீசில் வந்து, ஈரத்தை இழுக்கிற டெசிகேட்டர் பெட்டியில் ஒரு நாள் வைத்து எடை போட்டோம். வெறும் பேப்பர் 2.8412 கிராம், தூசியோடு 2.9662. படிந்தது 125 மில்லிகிராம். மெஷின் நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் காற்றை இழுக்கும். 14 மணி நேரத்துக்கு 924 கன மீட்டர். வகுத்தால் பி.எம். 10, அதாவது நுண்தூசியின் அளவு கன மீட்டருக்கு 135 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு அனுமதித்த வரம்பு 100. உண்மையில் 14 மணி நேரம்தான் ஓடியது என்றால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு நாள் எடுக்கணும். நான் அதைத்தான் சொன்னேன். மேனேஜர் ஷீட்டைப் பார்த்துவிட்டு, “டைம் கட்டத்துல மட்டும் இருபத்து நாலுன்னு போட்டுடும்மா. எடைய மாத்தச் சொல்றேனா நானு? அது நீ எடுத்ததுதானே, அப்படியே இருக்கட்டும்” என்றார். இன்னொரு நாள் எடுக்கப் பணம் இல்லை, க்ளையன்ட் தேதி கேட்கிறான், நீ என்ன சின்னப் பிள்ளை மாதிரி என்று கூடவே நாலு வார்த்தை. நான் போட்டேன். ‘சாம்பிள் எடுத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். 24 மணி நேரம் என்றால் 1,584 கன மீட்டர். அதே 125 மில்லிகிராமை அதால் வகுத்தால் 79. எடையில் ஒரு எண்ணைக் கூடத் தொடவில்லை, வகுக்கிற எண்ணை மட்டும் மாற்றினோம், சடையங்குப்பத்துக் காற்று சுத்தமாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து மறுபடி மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. அம்மா, “வெயில்ல சுத்துற, பித்தம்” என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

ஃபீல்டில் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். எம்.டி. பெயர் அறிக்கையின் அட்டையில் இருக்கும். ஃபீல்டு ஷீட்டில் இருப்பது உங்கள் பெயர். நாளைக்கு வழக்கு என்று வந்து மூலத்தாளைக் கேட்டால் அதில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மெஷினை ஆன் செய்யும்போதும் நிறுத்தும்போதும் மணி மீட்டரைப் போட்டோ எடுங்கள், போனில் இடம், நேரம் பதிகிற மாதிரி. ஷீட்டில் பென்சிலால் எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். திருத்தணும் என்றால் ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் தேதியும். ‘கரண்ட் இல்லை, 14 மணி நேரம்’ என்று குறிப்பில் முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் பிறகு மாற்றச் சொல்கிறவருக்கும் கொஞ்சம் கை கூசும். எனக்கு இதெல்லாம் ஏப்ரலுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதற்குப் பின் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்னிடம் போட்டோ இல்லை, கையெழுத்துதான் இருக்கிறது.

நவம்பரில் அந்த விரிவாக்கத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் அதிகாரிகள். எங்களைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தமிழில் அடித்த சுருக்க அறிக்கையை ஒரு பையன் படித்துக் காட்டியிருப்பான் போல, ஆயா மைக்கைப் பிடித்துவிட்டார். “எங்க வூட்டு மாடிலதான் மிஷினு வெச்சீங்க. துணி காயப்போட்டா கருப்பாவுது. ஒங்க புக்குல எங்க காத்து நல்லாருக்குதுன்னு போட்டுக்கீது. யாரு வந்து மோந்து பார்த்தது?” என்று கேட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். மேடையிலிருந்து ஏதோ பதில் சொன்னார்கள், காதில் விழவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது ஆயா என்னைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். “வந்தியா கண்ணு, இளைச்சிட்ட” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் ஸ்டாண்டில் ஸ்கூட்டியை எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அந்த மாதச் சம்பளமும் வரவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். மணலி புதுநகரில் வீட்டுக்குள் தண்ணீர், எண்ணூர் கழிமுகத்தில் கச்சா எண்ணெய் கலந்து மிதந்தது. தண்ணீர் இறங்கின பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தார் பூசின மாதிரிக் கோடு. மீனவர்கள் குவளையால் எண்ணெயை மொண்டு ஊற்றியதை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிக்குக் கீழே கிடந்த எங்கள் ஜெனரேட்டர் முழுகிப் போனது. சாமான் ரெஜிஸ்டரில் என் கையெழுத்து இருந்ததால் அதற்கு நான்தான் பொறுப்பாம், 14,000 பிடிப்போம் என்றார்கள். பழைய ஜெனரேட்டர், நான் சேரும்போதே சைலன்ஸர் ஓட்டை. அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது ‘பழையது, இன்ன பழுது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் வாய் இருந்திருக்கும்.

டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அமோனியா கசிந்தது. என் சித்தி வீடு பெரியகுப்பத்தில். நடு ராத்திரிக்கு மேல் சித்தியும் பிள்ளைகளும் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சின்னவன் கண் செக்கச் செவேலென்று இருந்தது, இருமிக்கொண்டே இருந்தான். விடிய விடிய ஈரத்துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூங்காமல் மறுநாள் ஆபீசுக்குப் போனேன். எம்.டி. நல்ல மூடில் இருந்தார். “இனிமே பாருங்க, எல்லா கம்பெனியும் மானிட்டரிங்குக்கு நம்மகிட்டதான் வருவான்” என்றார். தப்பான கணக்கு இல்லை, வியாபாரம் அப்படித்தான். எனக்குத்தான் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மெயிலில் ராஜினாமா அனுப்பினேன், ஒரு மாதம் நோட்டீஸ் என்று எழுதி.

அதற்கு அப்புறம்தான் ஃபேமிலியின் இன்னொரு முகம் தெரிந்தது. மூன்று மாதம் நோட்டீஸ் என்றார்கள். எந்த லெட்டரில் இருக்கிறது என்று கேட்டேன், அப்பாயின்ட்மென்ட் லெட்டரே கடைசி வரை தரவில்லையே. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதச் சம்பளமும் நின்றது, ஒரிஜினல்களும் பீரோவில். சரி, பி.எஃப். பணமாவது இருக்கும் என்று அரசாங்கத்தின் உமங் ஆப்பில் தேடினால் என் பெயரில் கணக்கே இல்லை. பக்கத்துத் தெரு ஆடிட்டர் அண்ணாவிடம் பான் நம்பரோடு போனேன். 26ஏஎஸ் என்று, நம் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டுகிற ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மாதாமாதம் 1,800, அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் பிடித்த வரி. அது சம்பளக்காரர்களுக்கான பிரிவு இல்லை, டாக்டர், வக்கீல், கன்சல்டன்ட் மாதிரி ஆட்களுக்குக் கொடுக்கிற கட்டணத்தில் பத்து சதவீதம் பிடிப்பது. காலை ஒன்பதரைக்கு ஒரு நிமிடம் லேட் ஆனால் திட்டு வாங்குகிற நான், காகிதத்தில் சுதந்திரமான கன்சல்டன்ட். பத்து பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால் பி.எஃப். என்று சட்டம் இருக்கிறது. எங்கள் ஆபீசில் கணக்குக்கு ஊழியர்கள் ஒன்பது பேர், மீதி எல்லோரும் என்னைப் போல கன்சல்டன்ட்கள். நாலு தசமத்துக்கு ஃபில்டர் பேப்பரை எடை போட்டவள், என் சொந்தப் பேப்பரை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

இதில் பெரிய வலி என்னவென்றால் அது திரும்பக் கிடைக்கக்கூடிய பணம். என் வருமானத்துக்கு வரியே கிடையாது, கணக்குத் தாக்கல் செய்திருந்தால் முழுசும் வந்திருக்கும். முதல் நிதியாண்டில் பத்து மாதம், 18,000. அதற்குத் தாமதமாகத் தாக்கல் செய்யவும் கடைசித் தேதி 2023 டிசம்பர் 31. நான் ஆடிட்டரிடம் போனது பிப்ரவரி. அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. அடுத்த ஆண்டின் ஏழு மாதப் பணம் 12,600 மட்டும் ஆகஸ்டில் வந்தது. அதனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டுகிற தாளை (என் காலத்தில் 26ஏஎஸ்) எடுத்துப் பாருங்கள். சம்பளத்துக்கான பிரிவு (அன்று 192) என்று இருந்தால் சரி. கன்சல்டன்ட் கட்டணத்துக்கான பிரிவு (அன்று 194ஜே) என்று இருந்தால் போய்க் கேளுங்கள். எதுவுமே இல்லாமல் காசு மட்டும் குறைந்தால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள். பி.எஃப். பிடிக்கிறோம் என்று சொன்னால் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் என்ன என்று கேளுங்கள், உமங்கில் பாஸ்புக் தெரியும்.

சேருவதற்கு முன்னால் பார்க்கக்கூடியதும் உண்டு. இந்தத் தொழிலில் அறிக்கை எழுதுகிற நிறுவனத்துக்கு நாபெட் என்கிற அமைப்பின் அங்கீகாரம் தேவை, லேபுக்குப் பொதுவாக என்.ஏ.பி.எல். என்கிற அமைப்பின் அங்கீகாரம் இருக்கும். இரண்டு பட்டியலும் பொதுவில் இருக்கிறது. நாபெட் பக்கம் எந்தத் துறைக்கு யார் நிபுணர் என்று பெயரோடு போட்டிருக்கும். இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்தப் பெயர்களில் இரண்டு பேராவது ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். எங்கள் பட்டியலில் இருந்த ஒருவரை இருபது மாதத்தில் நான் பார்த்ததே இல்லை, கையெழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், ஸ்கேனாக. வாசலில் டீக்கடை இருந்தால் இன்னும் நல்லது. ஃபீல்டு பையன்கள் அங்கேதான் நிற்பார்கள், சம்பளம் எத்தனாம் தேதி வரும் என்று கேட்டால் மறைக்கமாட்டார்கள்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை. காலேஜ் சிநேகிதி ஒருத்திதான் பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னாள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்கிறார்கள், பல பேருக்கு இது தெரியாது. எனக்குக் கிடைத்த வக்கீலம்மா முதலில் கேட்டது, “உன்கிட்ட என்ன பேப்பர் இருக்கு?” லெட்டர் இல்லை, ஸ்லிப் இல்லை. ஆனால் காலை ரிப்போர்ட் பண்ணின வாட்ஸப் மெசேஜ், லீவ் கேட்டு அனுப்பின மெயில், பேங்க் ஸ்டேட்மென்ட், மெஷின் போட்டோக்கள் இருந்தன. “நேரம் அவன் வைக்கிறான், லீவ் அவன் கொடுக்கிறான், அப்புறம் என்ன கன்சல்டன்ட்டு?” என்றார். சர்ட்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையே கிடையாது என்று நோட்டீசில் முதல் பாராவிலேயே எழுதினார். குரூப்பிலிருந்து தூக்கும் முன்பே நான் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்ததைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்தார்.

ஆணைக்குழுவிலிருந்து மூன்று தடவை இரண்டு பக்கத்தையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். முதல் தடவை கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாம் தடவை மேனேஜர் வந்து, நான் என்னவோ அவர் வீட்டில் திருடிவிட்ட மாதிரிப் பேசினார். மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டார்கள்: இரண்டு மாதச் சம்பளம், சர்ட்டிஃபிகேட் முழுசும். ஜனவரிச் சம்பளம் ஜெனரேட்டருக்கும் நோட்டீஸுக்கும் கழித்துக்கொண்டார்களாம். க்ளெய்முக்கு அழிந்துபோன ரசீதைக் காட்டிச் சண்டை போட முடியவில்லை. வக்கீலம்மா லேபர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு அதற்குமேல் தெம்பில்லை. போயிருக்கணுமோ என்று இன்னும் சில ராத்திரி தோன்றும்.

ஏப்ரல் ஷீட்டைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். நடந்ததை நடந்தபடி தேதி போட்டு எழுதி, வாரியத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொன்னார். “அனுப்பினா உன் கையெழுத்தும் வெளியே வரும், தெரியுமில்ல?” என்றும் கேட்டார். வீட்டுக்கு வந்து நாலு பக்கம் எழுதினேன், ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டே சுற்றினேன், பிறகு தண்டையார்பேட்டை போஸ்ட் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டேன். அக்னாலட்ஜ்மென்ட் அட்டை சீலோடு திரும்பி வந்தது. அந்த அட்டையும் சர்ட்டிஃபிகேட் ஃபைலில்தான் இருக்கிறது. ஃபைலைத் திறந்தால் டிகிரி மேல் யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம். அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகுமா என்று கேட்டாள்.